பியூலாவின் லேப்டாப்

அய்யய்யோ, அந்தப் பையை மேல தூக்கிப் போட்டுறாதீங்கக்கா, உள்ள லேப்டாப் இருக்கு. குடுங்க, மடியிலயே வச்சுக்கிடுதேன். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து வேண்டாம். திருநெல்வேலியா? நானும் அங்கதான், பாளையங்கோட்டை. கோவில்பட்டில ஒரு சோலி இருந்துச்சு, காலைல வந்தேன், முடிஞ்சுட்டு, திரும்பிப் போறேன்.

போன்ல பேசினது மகளா? ஹாஸ்டலா? என்ன படிக்கா? கம்ப்யூட்டர் சயின்ஸா! எத்தனாவது வருஷம்? மூணாவதா... அப்ப டீம் ப்ராஜெக்ட் இருக்குமே. அதான், 'கூட இருக்கதுக ஒண்ணும் வேலை செய்ய மாட்டேங்குது'ன்னு அவ புலம்பினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. தப்பா நினைக்காதீங்க, ஒட்டுக் கேக்கல. காது இருக்குல்லா.

உங்க மககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடுத்தவ லேப்டாப்பில உக்காந்து வேலை செய்ய வேண்டாம். அவளோடதையும் யாருக்கும் குடுக்க வேண்டாம். ஏன்னா கேக்கீங்க? சொல்லுதேன், ஊரு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

எங்களுக்கும் மூணாவது வருஷம்தான் அந்தப் பேப்பர். பேப்பர்னா பரீட்சை கிடையாது. நாலு பேரு ஒரு டீம், ஒரு செமஸ்டர் பூரா ஒரே ஒரு சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்கணும். ஆப்ஜெக்ட் ஓரியண்டட்னு என்னமோ பெருசா சொல்லுவாங்க. ஒண்ணுமில்லக்கா, எல்லாத்தையும் மொத்தமா போட்டுக் குழப்பாம சாமான் சாமானா பிரிச்சு எழுதுறது. பஸ்ஸுன்னா அது ஒரு சாமான், அதுக்கு என்ன தெரியணுமோ அது அதுக்குள்ள. பாஸுன்னா அது தனி. பிள்ளைங்க தனி. அதது அதது வேலையைப் பாக்கணும், அடுத்தது வயித்துக்குள்ள கையை விடக் கூடாது. நாங்க எடுத்தது காலேஜ் பஸ் பாஸ். பஸ்ல ஏறும்போது கார்டைக் காட்டினா, இது இந்த பஸ்ஸுக்கு உள்ள பிள்ளைதானான்னு பாத்துச் சொல்லணும்.

நான் லீடர். முகைதீன், சங்கரநாராயணன்னு ரெண்டு பசங்க. நாலாவது செண்பகவல்லி. பேரைக் கேட்டாலே கோவில்பட்டின்னு தெரிஞ்சிரும்லா, அம்மன் பேரு. வாயைத் திறக்க மாட்டா. ஆனா கீபோர்டுல கையை வச்சா நிறுத்த மாட்டா. பிளஸ் டூல அரசாங்கம் குடுத்த லேப்டாப் அவளுக்கு இருந்துச்சு, ரெண்டாம் வருஷமே ஸ்கிரீன் போயிட்டு. எங்க மாமா எனக்குப் புதுசா வாங்கிக் குடுத்திருந்தாவ. அதுனால செண்பகம் என் லேப்டாப்பில உக்காருவா. காலேஜ் விட்டப் பொறவு, பஸ் எடுக்கது வரைக்கும், சனிக்கிழமை பூரா.

அதுக்காக நான் சும்மா உக்காந்திருந்தேன்னு நினைக்காதீங்க. ரிப்போர்ட் எழுதினது யாரு? நான். படம் போட்டது யாரு? நான். சார்கிட்ட போய் நின்னு ஏச்சு வாங்கினது யாரு? அதுவும் நான்தான். செண்பகம் புரோகிராம் எழுதினா. அவ்வளவுதான். சரி, புரோகிராம் பூரா அவதான் எழுதினா. ஆனா லேப்டாப் யாரோடது?

எங்கயாவது சிவப்பா எழுத்து வந்துட்டா நான் கத்திருவேன். 'ஏ செண்பகம், போச்சுட்டி, எல்லாம் போச்சு'ன்னு. அவ தலையை நிமித்தக்கூட மாட்டா. 'பொறு பியூலா, நான் பாத்துக்கிடுதேன்'ம்பா. பாத்துக்கிடவும் செய்வா.

இதுல ஒரு விஷயம் இருக்குக்கா. யாரு எந்த வரியை எப்ப எழுதினாங்கன்னு கம்ப்யூட்டரே பேரு போட்டு எழுதி வச்சுக்கிடும். லாக்குன்னு சொல்லுவோம். லேப்டாப்பில ஒருதடவை பேரைக் குடுத்துட்டா, அதுக்குப் பொறவு எவ உக்காந்து தட்டினாலும் அந்தப் பேருதான். முதல் வாரம் செண்பகம் கேட்டா, 'ஒவ்வொரு தடவையும் பேரை மாத்திப் போட்டுக்கிடவா பியூலா?'ன்னு. நான்தான், 'சவத்த விடுட்டி, அதை எவன் பாக்கப் போறான், மாத்தி மாத்திப் போட்டு எதையாவது கெடுத்துத் தொலைச்சிராத'ன்னேன். நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். அன்னைக்கு எனக்கு வேற ஒண்ணும் மனசுல இல்ல. ஆண்டவருக்குத் தெரியும்.

கடைசில பாத்தா, அதை மட்டும்தான் பாத்தாரு எங்க டிபார்ட்மெண்டு ஹெச்சோடி பொன்னுதுரை சார்.

வைவான்னு நேர்ல கேள்வி கேக்குற பரீட்சை இருக்கும்லா, அன்னைக்குச் சுவத்துல பெருசா ஒரு படம் போட்டாரு. நாலு பேரு, லாக்குல யாரு எத்தனை தடவை எழுதிருக்காங்கன்னு கம்பம் கம்பமா. பியூலா இருநூத்திப் பதினாலு. முகைதீன் முப்பத்தொண்ணு. சங்கரநாராயணன் பத்தொம்பது. செண்பகவல்லிக்குக் கம்பமே இல்ல, வெறும் பேரு மட்டும், பக்கத்துல ஒரு பூஜ்யம். கிளாஸ்ல எவனோ சிரிச்சான். சார், 'செண்பகவல்லி, நீ ஆறு மாசமா என்னம்மா செஞ்ச?'ன்னாரு. அவ எந்திரிச்சு நின்னா. 'சார், நான் பியூலா லேப்டாப்பில...'ன்னு ஆரம்பிச்சா. சார் என் பக்கம் திரும்பி, 'அப்படியா பியூலா?'ன்னாரு.

எல்லாரும் என்னையே பாக்காங்கக்கா. சுவத்துல இருநூத்திப் பதினாலுன்னு என் பேரு நிக்குது. அதுவரைக்கும் எந்தக் கிளாஸ்லயும் என் பேரு அப்படி நின்னதில்ல. நான், 'கூடவே இருந்தா சார்'ன்னேன்.

பொய்யா அது? நீங்க சொல்லுங்க. கூடத்தான இருந்தா?

செண்பகம் பைய உக்காந்துட்டா. வெளிய வந்ததும் முகைதீன், 'ஏ பியூலா, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா'ன்னான். 'உனக்கு வாயில்லயா, நீ சொல்ல வேண்டியதுதான?'ன்னு கேட்டேன். பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். எல்லாவனும் யோக்கியன்தான், அடுத்தவ சொல்லணும்னா.

சார் அவளை ஃபெயில் ஆக்கிட்டாரு. எனக்கு அந்த வருஷத்து பெஸ்ட் ப்ராஜெக்ட். அவளுக்கு ஒரு கம்பெனியில வேலை ஆகிருந்துச்சு. அரியர் இருந்தா எடுக்க மாட்டோம்னு கையை விரிச்சுட்டாங்க. சரி, ஒரு பேப்பர்தான, மறுவருஷம் எழுதிக்கிடலாம்னு பாத்தா, இது எழுதுற பேப்பர் இல்லையே. ஜூனியர் பிள்ளைங்க டீம்ல சேந்து முதல்ல இருந்து செய்யணும். ரெண்டு மூணு டீம்ல போய்க் கேட்டிருக்கா. லாக்குல பூஜ்யம் வாங்கின அக்காவை எவ சேத்துக்கிடுவா? ஒருத்தியும் சேக்கல. அப்படியே நின்னு போச்சு அவ டிகிரி. இந்தா, ஏழு வருஷம் ஆகப் போகுது.

நான் சென்னைக்குப் போயிட்டேன். மறந்தும் போயிருப்பேன்க்கா, ஒளிக்காமச் சொல்லுதேன். மறக்க விட்டாத்தான?

எங்க ப்ராஜெக்டை நிஜமாவே காலேஜ் பஸ்ல மாட்டிட்டாங்க. நல்லாத்தான் ஓடிச்சு. ஆனா எங்கயாவது தடுமாறினா, உடனே எழுதினவங்களுக்கு ஒரு மெயில் போகணும்னு செண்பகம் வச்சிருந்தா. எழுதினது யாரு? லேப்டாப்பு சொல்லுறபடி, நான். மெயில்ல என்ன வார்த்தை வரணும்னு அப்ப முடிவு பண்ணல. சும்மா சோதிச்சுப் பாக்கதுக்காக, விளையாட்டா ஒரு வரி போட்டு வச்சா. பொறவு மாத்திக்கிடலாம்னு விட்டோம், மாத்தல. எல்லா டீம்லயும் இந்தக் கூத்து நடக்கும், கேட்டுப் பாருங்க உங்க மககிட்ட.

முதல் மெயில் வந்தப்ப நான் ஆபீஸ்ல சேந்து ஒரு மாசம்கூட ஆகல. திறந்து பாக்கேன். 'பொறு பியூலா, நான் பாத்துக்கிடுதேன்.' அவ்வளவுதான். வேற ஒரு வரி கிடையாது.

அவதான் எழுதிருக்கான்னு நினைச்சேன். பொறவுதான் புரிஞ்சுது. புரிஞ்சா மட்டும்? மறுநாளும் வந்துச்சு. தினம் காலைல, பிள்ளைங்க பஸ் ஏறுற நேரத்துக்கு. சில நாள் ஒண்ணு, சில நாள் மூணு. ஜூன் மாசம் காலேஜ் திறந்த அன்னைக்கு நாப்பது. என் தம்பி கல்யாணத்துல, எங்க சர்ச் ஐயர் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்காரு, கைப்பைக்குள்ள கிர்ருன்னுது. எனக்குத் தெரியும் அது என்னன்னு. கண்ணை மூடிக்கிட்டு நிக்கேன், ஜெபம் ஒண்ணும் காதுல விழல. அவ குரல்தான் கேக்கு.

தடுத்து வச்சேன்க்கா. வேண்டாத மெயிலுக்குன்னு ஒரு குப்பைத் தொட்டி இருக்கும், அதுல போய் விழுற மாதிரி பண்ணினேன். என்ன பிரயோஜனம்? காலைல எந்திரிச்சதும் குப்பைத் தொட்டியைத் திறந்து பாக்கேன். வந்திருந்தாலும் பகீர்ங்கும், வரலைன்னாலும் பகீர்ங்கும். கோட்டி பிடிச்சிரும்னு பயந்தேன்.

ஒரு பெரிய வெள்ளி. கோயில்ல உக்காந்திருக்கேன். அன்னைக்குக் காலேஜ் பூட்டு, பஸ் ஒண்ணுகூட வெளிய வராது. ஆராதனை நடுவுல மெயில் வந்துச்சு. 'பொறு பியூலா, நான் பாத்துக்கிடுதேன்.' யாரு பஸ் ஏறினா? யாரு கார்டைக் காட்டினா? செண்பகத்துக்கு எதுவும் ஆயிருச்சோன்னு ஓடிப்போய் முகைதீனுக்குப் போன் போட்டேன். 'அவ நல்லாத்தான் இருக்கா, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கா, ஏன் கேக்க?'ன்னான். சும்மாதான்னு வச்சிட்டேன். உயிரோட இருக்கவ இப்படி வந்து நிப்பாளா ஒருத்தி முன்னால? செத்தவளுக்காவது திவசம் குடுக்கலாம்னு எங்க ஹவுஸ் ஓனரம்மா சொல்லுவாங்க. இதுக்கு என்ன குடுக்க?

நானே சரி பண்ணிருவோம்னு புரோகிராமைத் திறந்து பாத்தேன். ஒவ்வொரு பக்கத்து மேலயும் எழுதியது பியூலான்னு இருக்கு. என் பேரு போட்ட எழுத்து எனக்கே விளங்கலக்கா. இத்தனைக்கும் அதைச் சொல்லித்தான் எனக்கு வேலையே கிடைச்சுது. இன்டர்வியூல அவ எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன்.

அதான் லீவுக்கு ஊருக்கு வந்த கையோட, இன்னைக்கு அந்த ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பி வந்தேன். எனக்கு வேற என்ன வேணும்? மெயில் நிக்கணும். காலேஜ்லயும் ரெண்டு மாசமா போன், 'மேடம், நீங்க எழுதினதுதான, நீங்களே சரி பண்ணிக் குடுங்க'ன்னு. என் லேப்டாப்பில இருந்தே மாத்தி அனுப்புறதுக்கு வழி பண்ணிக் குடுத்திருக்காங்க.

செண்பகம் என்னைப் பாத்ததும் 'ஏ பியூலா!'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு டீ சொன்னா. இளைச்சிருக்கா. கண்ணாடி போட்டிருக்கா. நான் மெயில் கதையைச் சொன்னேன். சிரிச்சாக்கா அவ! 'அய்யோ, அதை எடுக்கவே இல்லையா, அதுவா இன்னும் வந்துக்கிட்டிருக்கு'ன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு அழுகை வந்துட்டு. லேப்டாப்பை வாங்கி மடியில வச்சா. 'நான் தட்டித் தட்டி அழிஞ்ச எழுத்து அப்படியே இருக்கே'ன்னா. பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்தான் ஆச்சு.

'ரெண்டு பஸ் மாறி வார பிள்ளைங்களை நம்ம நினைக்கவே இல்ல பியூலா'ன்னா. 'ஒரு பாஸுக்கு ஒரு பஸ்ஸுன்னு எழுதிட்டோம். ரெண்டாவது பஸ்ல ஏறுறப்பதான் தடுமாறுது. நானே தினமும் ரெண்டு பஸ் மாறித்தான் வந்தேன், எனக்கே தோணல பாரு.' நம்மன்னுதான் சொன்னா. நம்ம.

எல்லாத்தையும் மாத்தி முடிச்சா. மெயில் வரியையும் எடுத்துட்டா. அப்பதான் சொன்னா. பழைய அரியர் உள்ளவங்களுக்கு யுனிவர்சிட்டி இந்த வருஷம் கடைசி வாய்ப்பு குடுத்திருக்காம். பொன்னுதுரை சார் ரிட்டையர் ஆயிட்டாரு, இப்ப ஒரு மேடம் ஹெச்சோடி. இவ போய்க் கேட்டிருக்கா. அந்த மேடம், 'பஸ் பாஸ்ல உள்ள கோளாறை நீ சரி பண்ணு, உன் பேர்ல வரட்டும், அதையே உன் ப்ராஜெக்டா எடுத்துக் கையெழுத்துப் போடுதேன்'னு சொன்னாங்களாம். கடைசி நாள் இன்னைக்கு. அனுப்புற வழி என்கிட்டதான இருக்கு, எப்படிக் கேக்கன்னு ஒரு வாரமா தயங்கிக்கிட்டு இருந்தாளாம். 'நீயே வந்து நிக்க பாரு'ன்னா. 'அனுப்பதுக்கு முன்னால பேரை மட்டும் மாத்திக்கிடுதேன் பியூலா. ஒரே ஒரு வரிதான்.'

அந்நேரம் பாத்து ஒரு ஆளு ஆதார் கார்டை நீட்டிக்கிட்டு ஜெராக்ஸுக்கு வந்துட்டாரு. 'இந்தா வந்துட்டேன்'னு எந்திரிச்சுப் போனா.

லேப்டாப்பு என் முன்னால இருக்கு. ஒரு பட்டன்தான். அமுக்கிட்டேன்.

கை பட்டுட்டுன்னுதான் அவகிட்டச் சொன்னேன். உங்ககிட்ட எதுக்குக்கா பொய் சொல்ல, முன்ன பின்ன தெரியாதவங்க நீங்க. கை ஒண்ணும் படல. அவ பேர்ல போனா, இத்தனை வருஷம் இல்லாத பேரு இப்ப எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களா இல்லையா? அந்த இருநூத்திப் பதினாலையும் கிண்டுவாங்க. எங்க ஆபீஸ்ல அடுத்த மாசம் எனக்குப் புரமோஷன் வேற. பயம்க்கா. ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சம் அப்படியே அவ முகத்துல போயிட்டுப் போயிட்டு வருது, நான் அமுக்கிட்டேன்.

திரும்பி வந்து ஸ்கிரீனைப் பாத்தா. 'அனுப்பிட்டியா?'ன்னா. பொறவு, 'சரி, பரவால்ல. மேடம் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்க. நீ ஒரு போன் போட்டு, இது செண்பகம் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நீ சொன்னா ஒத்துக்கிடுவாங்க'ன்னா. சொல்லுதேன்னேன். பஸ் வந்துட்டுன்னு எந்திரிச்சு வந்துட்டேன். டீயைக்கூடக் குடிக்கல.

என்ன? இப்பவே போடவா? போடுவேன்க்கா, அவசரம் என்ன, ரெண்டு மணிகூட ஆகல. வீட்டுக்குப் போய் உக்காந்து நிதானமா பேசணும்னு இருக்கேன். பஸ் சத்தத்துல எப்படிப் பேச?

...அய்யோ. காலேஜ் நம்பர். அவங்கதான். எடுக்கட்டுமா? எடுக்கேன், எடுக்கேன், இருங்க.

ஹலோ... குட் ஆஃப்டர்நூன் மேடம். ஆமா மேடம், பியூலாதான். நான் அனுப்பினது வந்துட்டா மேடம்? சரியா ஓடுதா? தேங்க்யூ மேடம். அய்யோ, அவ்வளவெல்லாம் இல்ல மேடம்... செண்பகவல்லியா? ஆமா மேடம், தெரியும். என் பேட்ச்தான்... இல்ல, எதுக்குக் கேக்கீங்க மேடம்?... அவ சொன்னாளா?... மேடம்? ஹலோ? ஹலோ... மேடம், நான் பஸ்ல இருக்கேன், சரியா கேக்கல... ஹலோ... கட்டாகிக் கட்டாகி வருது மேடம்... ஹலோ...

டவர் இல்லக்கா. கயத்தாறு தாண்டினா இந்த ரோட்டுல இப்படித்தான். சார்ஜும் இல்ல, அதான் போனை அமத்தி வைக்கேன். ஊருக்குப் போய்ப் போட்டுக்கிடலாம். அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்கன்னு அவளே சொன்னாள்ல.

என்னக்கா, எந்திரிச்சிட்டீங்க? திருநெல்வேலின்னுதான சொன்னீங்க? முன்னாடி சீட்டுக்கா? இங்கயே இருங்களேன், இன்னும் கொஞ்ச தூரம்தான். அக்கா, அது வெயில் அடிக்கிற பக்கம்க்கா.